ரப்பர் வளையத்தை மடக்கியது யார்?

சாட்சிகள் எப்போதும் லிஃப்ட் இல்லாத கட்டடத்தில், அதுவும் நான்காவது மாடியில்தான் குடியிருப்பார்கள். முப்பது வருடம் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காகவும், பிறகு ஆறு வருடம் சொந்தத் துப்பறியும் நிலையத்துக்காகவும் படியேறித் தேய்ந்த முழங்கால்களை வைத்து அண்ணி கண்டுபிடித்த ஒரே உண்மை இதுதான். மற்றதெல்லாம் யூகம்.

அண்ணி என்பது அவள் பெயர் அல்ல. உதவியாளன் அவளுடைய மறைந்த கணவனின் தம்பி. கட்சிக்காரர்கள் முன்னாலும் அவன் வாய் நிறைய அண்ணி, அண்ணி என்று கூப்பிட்டு, கடைசியில் வக்கீல், போலீஸ்காரர், தண்ணீர் கேன் போடுகிறவர் உட்பட எல்லோருக்கும் அவள் அண்ணி ஆகிவிட்டாள். அவனுக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு: சுருக்கெழுத்து. இருபது வருடம் கோர்ட்டில் சுருக்கெழுத்தராக உட்கார்ந்து, அடுத்தவர் பேசியதை எல்லாம் வாயைத் திறக்காமல் எழுதியவன். அந்தப் பாக்கியை எல்லாம் இப்போது பேசித் தீர்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணி, மூணாவது மாடி வந்தாச்சு. இங்கேயே யாராவது சாட்சி இருக்காங்களான்னு கேட்டுப் பார்க்கட்டுமா?"

"மூச்சு வாங்கறப்பவும் பேச வருதா உனக்கு?"

"பேச்சை நிறுத்தினா மூச்சும் நின்னுடும்னு பயம்."

மூன்றாவது தடவையாக ஏறுகிறார்கள். ஆறு மாதத்துக்கு முன் ஒரு விடியற்காலையில் ஒரு பஞ்சு குடோன் எரிந்து போனது. தீ வைத்தது குடோன் காவலாளிதான் என்றார் முதலாளி. போலீஸ் காவலாளியைப் பிடித்து உள்ளே போட்டது. பக்கத்து மனையில் உயரமான கட்டடம் ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. அங்கே அதிகாலை வேலைக்கு வந்திருந்த கிரேன் ஆபரேட்டர் உச்சியிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டார். பெட்ரோல் டின்னோடு குடோனுக்குள் போனது முதலாளியின் மச்சான். இதைக் காவலாளியின் மனைவியிடம் அவரே தேடிப் போய்ச் சொன்னார். கோர்ட்டிலும் வந்து சொல்வதாக வாக்குக் கொடுத்தார். பதினோரு நாட்களாக ஆளைக் காணவில்லை.

நாளைக் காலை பத்தரை மணிக்குக் கடைசி விசாரணை. ஆபரேட்டர் வந்து கூண்டில் ஏறாவிட்டால் காவலாளிக்கு ஏழு வருடம் என்று வக்கீல் கையை விரித்துவிட்டார். காவலாளியின் மனைவிதான் அண்ணியின் கட்சிக்காரர். சலவைக் கடையில் இஸ்திரி போடும் பெண். மணிக்கொரு தடவை போன் செய்து "ஏதாவது தெரிஞ்சுதா அண்ணி?" என்று கேட்பாள், இல்லை என்றால் அழமாட்டாள், "சரிங்க அண்ணி" என்று வைத்துவிடுவாள். அழுதிருந்தால் தேவலை என்று அண்ணிக்குத் தோன்றும். அந்த "சரிங்க"வைக் கேட்டுக் கேட்டு மூன்று இரவாகத் தூக்கம் போய்விட்டது.

கதவைத் திறந்த ஆபரேட்டரின் மனைவி, "மறுபடியுமா?" என்றாள்.

"படியில நாங்களும் அதையேதாம்மா கேட்டுக்கிட்டு வந்தோம்," என்றான் சுருக்கெழுத்து.

அவள் ஒரு பள்ளிக்கூட நூலகத்தில் வேலை பார்க்கிறவள். முகத்தில் பாதியை மறைக்கும் தடித்த மூக்குக்கண்ணாடி. கதவை அகலத் திறக்கவும் இல்லை, சாத்தவும் இல்லை. அண்ணி "கொஞ்சம் தண்ணி குடும்மா" என்றபடி உள்ளே நுழைந்து, ஜன்னலோரத்து நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். துப்பறிவதில் பாதி வேலை இந்தத் தண்ணீர் கேட்பதுதான்.

ஒற்றை அறையும் சமையல்கட்டும் ஒரு சின்ன பால்கனியும். பால்கனிக் கொடியில் ஒரு நீலப் போர்வை. காய்ந்த துணிகள் கட்டிலில் விளிம்பு பிசகாமல் மடித்து வைக்கப்பட்டிருந்தன. போர்வையை மட்டும் எடுக்கவில்லை. போன வாரமும் அதே போர்வை, முந்தாநாளும் அதே போர்வை. வெயில் பட்ட பக்கம் வெளுக்கவே ஆரம்பித்துவிட்டது. ஜன்னலுக்குக் கீழே முக்காலியில் ஒரு சிவப்புப் போர்வை, இஸ்திரி போட்டு மடித்தபடி இருந்தது.

"உங்க வீட்டுக்காரர் போன் ஏதாவது பண்ணாரா?"

"இல்லை."

"யார்கிட்டயாவது சொல்லி அனுப்பினாரா?"

"இல்லை."

"கனவுலயாவது வந்தாரா?" என்றான் சுருக்கெழுத்து.

அவள் சிரிக்கவில்லை. "போனவர் போகட்டும். எனக்குத் தெரியாததைத் தெரியாதுன்னுதானே சொல்ல முடியும்? மூணு தடவை கேட்டா மட்டும் தெரிஞ்சுடுமா?" குரல் ஏறாமல் இறங்காமல், பேரேட்டைப் பார்த்துப் படிப்பது போல வந்தது.

சுருக்கெழுத்து பால்கனிப் பக்கம் போய் வெளியே எட்டிப் பார்த்தான். கீழே ரயில் பெட்டிகளை நிறுத்திவைக்கும் அகன்ற யார்டு. அதற்கு அப்பால் எரிந்துபோன குடோனின் கரிக் கூரை. அதன் அருகே, தீ விபத்துக்குப் பிறகு வேலை நின்றுபோன கட்டடமும், அதன் தலைக்கு மேல் தனியாக ஒரு கிரேனும்.

"பாருங்க அண்ணி, ஆபரேட்டர் ஓடிப்போயிட்டார். கிரேன் மட்டும் பொறுப்பா நிக்குது."

அண்ணியின் கவனம் ஜன்னலோர மூலையில் இருந்தது. முந்தைய இரண்டு தடவையும் அங்கே தலையணை உறை போர்த்திய ஏதோ ஒன்று நின்றிருந்தது. தையல் மெஷினாக இருக்கும் என்று விட்டுவிட்டாள். இன்று சொல்லாமல் வந்ததால் உறை இல்லை. மூன்று கால்களில் நிற்கும் ஒரு தொலைநோக்கி. விலை மலிவான வகை. குழாயில் கீறல்கள், ஒரு காலில் டேப் சுற்றியிருந்தது.

"இது?"

"பொண்ணுக்கு. ஸ்கூல்ல நிலாவைப் பார்த்து வரைஞ்சிட்டு வரச் சொன்னாங்க."

"பொண்ணு எங்கே?"

"அவ சித்தி வீட்டுல. இவர் போன மறுநாளே அனுப்பிட்டேன். கீழே ரெண்டு பேர் உட்கார்ந்திருக்காங்களே, பார்க்கலியா?"

பார்த்திருந்தார்கள். பெட்டிக்கடை வாசலில் ஒரே மோட்டார் பைக்கில் இருவர், மூன்று நாளாக அதே சட்டையில். முதலாளியின் ஆட்கள். ஆபரேட்டர் பெண்டாட்டி பிள்ளையைப் பார்க்க வருவார், அப்போது பிடிக்கலாம் என்று காத்திருக்கிறார்கள்.

சுருக்கெழுத்து தொலைநோக்கியில் கண்ணை வைத்துப் பார்த்தான். "நிலா சுத்தமா இல்லை. ஒரே இருட்டு."

"முன்னாடி மூடி போட்டிருக்கு," என்றாள் அவள்.

"ஓ. சரி, கண்ணு வைக்கிற இடத்துல இந்த ரப்பர் ஏன் இப்படி மடங்கிக் கிடக்கு? குடை காத்துல திரும்பிக்கிட்ட மாதிரி. இருங்க, நிமிர்த்தி விடறேன்."

"தொடாதீங்க!"

அறையே ஒரு கணம் அதிர்ந்தது. அவளுக்கே தூக்கிவாரிப் போட்டிருக்க வேண்டும்; உடனே கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைக்க ஆரம்பித்தாள். "இரவல் சாமான். உடைஞ்சா நான்தான் பதில் சொல்லணும்."

அண்ணி எழுந்தாள். எழுகிற சாக்கில், தொலைநோக்கியின் கீழே கிடந்த சின்ன அட்டைப்பெட்டியின் மேல் ஒட்டியிருந்த கடைச் சீட்டைப் படித்துக்கொண்டாள். சுவரில் மாட்டியிருந்த படத்தையும் ஒரு பார்வை பார்த்தாள். ஒன்பது வயதுப் பெண், பல் தெரியச் சிரிப்பு, முகத்தில் கண்ணாடி இல்லை.

படி இறங்கும்போது சுருக்கெழுத்து கேட்டான்: "என்ன அண்ணி, அவ்வளவுதானா? தண்ணிகூட முழுசாக் குடிக்கலியே."

"புருஷன் காணாமப் போனதைப் பத்தி மூணு தடவை வந்து கேட்டும் குரலை உசத்தல. ரப்பரைத் தொட்டா கத்தறா. அந்த ரப்பர் என்னன்னு தெரிஞ்சுக்கணும்."

"இருபத்தோரு மணி நேரத்துல ஆளைக் கண்டுபிடிக்கணும். நாம ரப்பரைத் தேடிப் போறோம். இதை நான் கோர்ட்டுல எழுதியிருந்தா ஜட்ஜ் அடிச்சிட்டிருப்பார்."

கடை இரண்டு பஸ் மாறிப் போகும் தூரத்தில் இருந்தது. முன்பக்கம் மூக்குக்கண்ணாடிகள், நடுவில் பள்ளிக்கூட மைக்ராஸ்கோப்புகள், கடைசியில் தொலைநோக்கிகள். கடைக்காரர் ஒரு லென்ஸை ஊதி ஊதித் துடைத்துக்கொண்டிருந்தார். வியாபாரம் நடந்து ரொம்ப நேரம் ஆகியிருக்க வேண்டும்; ஆள் வந்ததே அவருக்குச் சந்தோஷமாக இருந்தது.

"என் கொழுந்தனுக்கு நிலா பார்க்கணுமாம்," என்றாள் அண்ணி. "டெலஸ்கோப் ஒண்ணு மலிவாக் கிடைச்சுது. கண்ணு வைக்கிற லென்ஸ் மட்டும் சரியில்லை."

"ஐபீஸ்." கடைக்காரர் முகம் மலர்ந்தது. "சரியா இருக்காதுங்க. மலிவு டெலஸ்கோப்போட வர்ற ஐபீஸ் என்னைக்குமே சரியா இருக்காது. பெட்டி மேல ஐந்நூறு மடங்குன்னு போட்டிருந்ததா?"

"அறுநூறுன்னு போட்டிருந்தது," என்று சுருக்கெழுத்து அடித்துவிட்டான்.

"அதான்! அறுநூறு மடங்கு பெருசாக்கினா நிலா சோப்புத் தண்ணிக்குள்ள கிடக்கிற மாதிரி தெரியும். புதுசா வாங்கறவங்க எல்லாரும் பண்ற தப்பு அதுதான், பெருசாத் தெரியணும், பெருசாத் தெரியணும்னு. பெருசாத் தெரிஞ்சு என்ன பண்ண? தெளிவாத் தெரிய வேண்டாமா?" அவர் கண்ணாடிப் பெட்டியிலிருந்து விரல் நீளக் கறுப்பு உருளைகள் நான்கைந்தை எடுத்துத் துணியில் பரப்பினார். "இதுல எழுதியிருக்கிற நம்பரைப் பாருங்க. நம்பர் சின்னதாகச் சின்னதாக, காட்டறது பெருசாகும். உங்க குழாய் நீளம் அறுநூறு மில்லிமீட்டர்னு வைங்க. இருபத்தஞ்சாம் நம்பர் போட்டா இருபத்து நாலு மடங்கு. பத்தாம் நம்பர்னா அறுபது மடங்கு. இந்த ரெண்டு போதும், ஒரு வருஷம் வானத்தைப் பார்க்கலாம்."

"ரெண்டுக்கும் கையில காசு இல்லேன்னா?"

"இருபத்தஞ்சை மட்டும் வாங்குங்க. மட்டமானது மூணு வாங்கறதுக்கு நல்லது ஒண்ணு வாங்கறது லாபம். டெலஸ்கோப் பழசானா வித்துடலாம், நல்ல ஐபீஸ் அடுத்த டெலஸ்கோப்புக்கும் வரும்."

அண்ணிக்கு முழங்கால் வலித்தது. ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு உருளையைக் கையில் எடுத்தாள். அதன் வாயைச் சுற்றி நிமிர்ந்து நின்றது ஒரு ரப்பர் வளையம்.

"இந்த ரப்பர் எதுக்கு?"

"பக்கவாட்டு வெளிச்சம் கண்ணுல படாம இருக்க. அதோட, கண்ணை எவ்வளவு தூரத்துல வைக்கணும்னு அதுவே காட்டிடும்."

"இது மடங்கிக் கிடந்தா கெட்டுப்போச்சுன்னு அர்த்தமா?"

"யார் சொன்னது? அது மடக்கறதுக்குன்னே செஞ்சது." அவர் வளையத்தை விரலால் பின்னுக்குத் தள்ளினார், அது சட்டைக் காலர் போலத் திரும்பிப் படிந்தது. "மூக்குக்கண்ணாடி போட்டவங்க இதை மடக்கிட்டுத்தான் பார்க்கணும். இல்லேன்னா கண்ணாடி வந்து ரப்பர்ல இடிக்கும், கண்ணு தள்ளிப் போயிடும், படத்துல பாதி தெரியாது."

அண்ணி தன் கையிலிருந்த வளையத்தையும் ஒரு தடவை மடக்கிப் பார்த்தாள். சுவரில் பார்த்த படம் நினைவுக்கு வந்தது. பல் தெரியச் சிரிப்பு, கண்ணாடி இல்லாத முகம்.

சுருக்கெழுத்து பேச்சை நிறுத்தியிருந்தான். அதுவே ஒரு அதிசயம்.

"கண்ணாடியைக் கழட்டிட்டுப் பார்த்தா என்ன?" என்று கேட்டாள் அண்ணி.

"சாதாரணக் கிட்டப்பார்வைக்காரங்க கழட்டிட்டுப் பார்க்கலாம், திருகிச் சரி பண்ணிக்கலாம். சிலிண்டர் பவர் இருக்கறவங்களுக்கு அது நடக்காது. கண்ணாடியோடதான் பார்த்தாகணும். போன வாரம்கூட ஒரு அம்மா வந்தாங்க, இவ்வளவு தடிமனான கண்ணாடி. டெலஸ்கோப்பையே தூக்கிட்டு வந்துட்டாங்க. பழசு, காலுக்கு டேப் சுத்தி."

"ஐயோ, அது எங்க உறவுதாங்க!" என்று சுருக்கெழுத்து உருகினான். பொய் சொல்லும்போது மட்டும் அவன் குரலில் பாசம் பொங்கும். "அவங்க வாங்கினதைப் பார்த்துட்டுத்தான் நாங்களே வந்தோம்."

"அவங்களா! அவங்க மாதிரி ஒரு வாடிக்கையாளரை நான் பார்த்ததில்ல. வாசல்ல நின்னு மூணு ஐபீஸ் மாத்தி மாத்திப் பார்த்தாங்க. சின்ன நம்பர் எல்லாம் வேண்டாம்னுட்டாங்க, அது சரி, அதுல கண்ணு ஒட்டணும், கண்ணாடிக்காரங்களுக்கு ஆகாது. இந்த இருபத்தஞ்சு பிடிச்சுப்போச்சு. தள்ளி நின்னே முழுசாத் தெரியும். அதோட நிறுத்தியிருந்தா காசு மிச்சம், கொஞ்சம் சேர்த்து அப்புறமா கண்ணாடிக்காரங்களுக்குன்னே வர்ற இன்னொரு நல்லது வாங்கியிருக்கலாம். கேக்கல. எழுத்து கண்ணாடியில பார்க்கிற மாதிரி இடவலம் மாறித் தெரியுதுன்னு ஒரே பிடிவாதம்."

"எழுத்தா?"

"எதிர்ல பஸ் போர்டை வச்சுப் பார்த்தாங்க. வானத்தைப் பார்க்கறதுக்கு அது ஒரு குறையே இல்லைம்மா, நட்சத்திரத்துக்கு ஏது இடம், ஏது வலம்னு சொன்னேன். இருந்த காசு பூராத்தையும் போட்டு, நேராக் காட்டற ப்ரிசம் ஒண்ணு வாங்கிட்டுப் போனாங்க. நிலா பார்க்க வாங்கற யாரும் அதை வாங்க மாட்டாங்க." நிஜமாகவே வருத்தப்பட்டார் கடைக்காரர். "மனசே கேக்கல எனக்கு. வீண் செலவு."

"என்னைக்கு வந்தாங்கன்னு நினைவு இருக்கா?" என்றான் சுருக்கெழுத்து.

"போன புதன்."

"புதன்கிழமை பொண்ணு சித்தி வீட்டுல இருந்தா," என்றான் அவன் வாசலுக்கு வந்ததும். "நிலாவை வரைய வேண்டியவ வீட்டுலயே இல்ல. அப்ப ஐபீஸ் அம்மாவுக்குத்தான். அண்ணி, ஒருவேளை ஆபரேட்டர் இதே மாதிரி இன்னொரு டெலஸ்கோப்போட எங்கேயோ உட்கார்ந்து…"

"இல்லை." அண்ணி நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்தாள். அலுப்பு கழுத்து வரைக்கும் ஏறியிருந்தது. ஆனால் தலைக்குள் மட்டும் பளிச்சென்று இருந்தது. "நிலாவைப் படிக்க முடியாது தம்பி. இடவலம் சரியாத் தெரியணும்னா அவ எதையோ படிக்கறா. தினமும் படிக்கறா, இல்லேன்னா ரப்பர் மடங்கியே கிடக்காது. போன் பண்ண முடியாத ஒருத்தர், தூரத்துல இருந்து எழுதிக் காட்டறார்."

"எங்கேயிருந்து? அந்த ஜன்னலுக்கு எதிர்ல வீடே இல்லையே. யார்டு, எரிஞ்ச குடோன், அப்புறம்…"



"நீதானே சொன்னே," என்றாள் அண்ணி. "கிரேன் பொறுப்பா நிக்குதுன்னு."

பதினோரு நாளாகப் பஸ் நிலையம், லாட்ஜ், சொந்தக்காரர் வீடு, ஆஸ்பத்திரி என்று அலைந்தாகிவிட்டது. முதலாளியின் ஆட்களும் அலைந்தார்கள். வேலை நின்ற கட்டடத்துக்குள்ளும் புகுந்து ஒவ்வொரு தளமாகத் தேடினார்கள் என்று கேள்வி. எல்லோரும் கீழே தேடினார்கள். கிரேனின் ஏணியில் ஏற யாருக்குத் தைரியம் வரும்? ஏறத் தெரிந்தவர் ஒருவர்தான். அவரைத்தான் எல்லோரும் தேடிக்கொண்டிருந்தார்கள்.

அண்ணிக்கு முதலில் வந்தது கோபம். ஒரு மனிதன் வாக்குக் கொடுத்துவிட்டு உயரத்தில் போய் ஒளிந்துகொள்வது, இன்னொருத்தி இஸ்திரிப் பெட்டியைப் பிடித்தபடி "சரிங்க அண்ணி" என்று சொல்லிக்கொண்டிருப்பது. அப்போது பார்த்து போன் அடித்தது. காவலாளியின் மனைவி.

"ஏதாவது தெரிஞ்சுதா அண்ணி?"

"ராத்திரிக்குள்ள சொல்றேம்மா."

"சரிங்க அண்ணி."

அண்ணி அடுத்து வக்கீலைக் கூப்பிட்டு, ஆறரை மணிக்குக் கிரேன் நிற்கும் கட்டடத்தின் பின்கேட்டில் காரோடு நிற்கச் சொன்னாள். கூடவே சாட்சிக்குத் துணையாகக் கோர்ட் ஊழியர் இரண்டு பேரை அழைத்து வரச் சொன்னாள். பிறகு கொழுந்தனைப் பார்த்தாள்.

"நீ மேலே வர வேண்டாம்."

"ஆறு வருஷத்துல இன்னைக்குத்தான் என் முழங்கால் மேல உங்களுக்கு இரக்கம் வந்திருக்கு."

"ஒரு பையில ரெண்டு பாக்கெட் ரொட்டி, ஒரு போர்வை, ஒரு சோப்பு வாங்கிக்கோ. அந்த மோட்டார் பைக் ஆளுங்க கண்ணுல படற மாதிரி ஆபரேட்டர் வீட்டுக் கட்டடத்துல இருந்து வெளியே வா. மூணு தடவை திரும்பித் திரும்பிப் பாரு. அப்புறம் பஸ் ஏறி ஊரோட இன்னொரு கோடிக்குப் போ."

"பின்னாலயே வருவாங்க."

"வரட்டும்."

"பிடிச்சு உதைச்சா?"

"பேசு. அவங்களே விட்டுட்டு ஓடிடுவாங்க."

ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அண்ணி மறுபடி அந்த நான்கு மாடியையும் ஏறினாள். கீழே மோட்டார் பைக் உறுமிக் கிளம்பும் சத்தம் இரண்டாவது மாடியிலேயே கேட்டது. கொழுந்தன் நன்றாகத் திரும்பிப் பார்த்திருக்கிறான்.

கதவு தாழிடப்படவில்லை. தட்டாமல் தள்ளினாள். தொலைநோக்கி மூலையில் இல்லை. ஜன்னலின் நடுவே, மூடி கழற்றி, யார்டுக்கு மேலே நீட்டி நின்றது. ஆபரேட்டரின் மனைவி முக்காலியில் உட்கார்ந்து குனிந்திருந்தாள். தடித்த கண்ணாடி மடங்கிய ரப்பரின் மேல் படிந்திருந்தது. மடியில் சிவப்புப் போர்வை.

அவள் திரும்பிப் பார்த்தாள். கத்தவில்லை. எழுந்து, பேசாமல் விலகி நின்றாள்.

அண்ணி கழுத்தில் தொங்கிய படிக்கிற கண்ணாடியை மாட்டிக்கொள்ளாமல் குனிந்தாள். கடைக்காரர் சொன்னது பொய்யில்லை. வட்டத்துக்குள் கிரேனின் கண்ணாடிக் கூண்டு அவ்வளவு தெளிவாக இருந்தது. உள்ளே ஒரு மனிதர். பதினோரு நாள் தாடி, குழிவிழுந்த கண்கள், மேல் பட்டன் அறுந்த சட்டை. மார்போடு ஒரு அட்டையைப் பிடித்திருந்தார். வேண்டாம், முடியாது, மாட்டேன் என்று ஏதோ எழுதியிருக்கும் என்றுதான் அண்ணி எதிர்பார்த்தாள்.

அட்டையில் இருந்தது ஒரே சொல். கட்டிட வேலைக்கான கறுப்புப் பெயின்டில், பெரிதாக, ஒரு கேள்விக்குறியோடு.

தேதி?

அண்ணி இரண்டாம் தடவை படித்தாள். மூன்றாம் தடவையும் படித்தாள். வந்த கோபம் எங்கே போனது என்றே தெரியவில்லை.

"ஓடிப் போகலியா அவர்?" என்றாள் நிமிராமல்.

"இல்லை." பின்னாலிருந்து வந்த குரல் உலர்ந்திருந்தது. "கோர்ட்டுக்கு உயிரோட போய்ச் சேரணும்னா அதுவரைக்கும் அங்கே இருக்கறதுதான் வழின்னார். ராத்திரி இறங்கித் தண்ணி பிடிச்சுக்கிட்டு ஏறிடுவார். பிஸ்கட்டும் அவலும் கொண்டு போயிருக்கார். போன் வேண்டாம், ஆளும் அனுப்ப வேண்டாம், தேதி வரலேன்னா நீலம், தேதி வந்தா சிவப்பு, சிவப்பைப் பார்த்ததும் இருட்டினதும் இறங்கி வக்கீல் வீட்டுக்குப் போயிடுவேன்னார்."

"தேதி வந்து ஒன்பது நாள் ஆச்சு."

"தெரியும்."

"ஒன்பது நாளா நீலத்தைப் போட்டிருக்கே."

 அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். பேசியபோது அழுகை இல்லை, களைப்பு மட்டும் இருந்தது. "பழைய லென்ஸ்ல அவர் கையை ஆட்டறது மட்டும்தான் தெரிஞ்சுது. எழுத்து தெரியல. அவர் முகத்தைப் பார்த்தா போதும்னுதான் நல்லதா ஒண்ணு வாங்கினேன். வாங்கிட்டு வந்த அன்னைக்கு முதல் தடவையா அதைப் படிச்சேன். தினமும் அஞ்சு மணிக்கு அதையேதான் கேக்கறார். தெரியாமலே இருந்திருக்கலாம் அண்ணி."

அவள் வாயில் அந்த அண்ணி முதல் தடவையாக வந்தது.

"நாளைக்கு விசாரணை முடிஞ்சிடும்," என்றாள் அவள் தொடர்ந்து. "அப்புறம் சொல்லிக்கலாம், எனக்குத் தேதி தெரியாமப் போச்சுன்னு. அவர் என்னை நம்புவார். நான் சொன்னா நம்புவார். உயிரோட இருப்பார் இல்ல? உங்க வீட்டுக்காரரா இருந்தா நீங்க என்ன பண்ணியிருப்பீங்க?"

சட்டம், நியாயம், சத்தியம் என்று சொல்ல எவ்வளவோ இருந்தது. முப்பத்தாறு வருடமாகச் சொல்லிச் சொல்லி அதெல்லாம் அண்ணிக்கே அலுத்துவிட்டது. கணவனின் முகம் ஒரு கணம் வந்து போனது.

"நானும் நீலத்தைத்தான் போட்டிருப்பேன்," என்றாள்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஆனா அஞ்சு மணிக்கு இதுல வந்து பார்க்க என்னால முடிஞ்சிருக்காது. நீ ஒன்பது நாள் பார்த்திருக்கே. நாளைக்கு அப்புறம் அவர் உன்னைக் கேக்க மாட்டார்மா. கேக்கறதுக்கு ஒண்ணும் இருக்காது. கீழே இருந்த ரெண்டு பேரும் இப்ப இல்லை. பின்கேட்டுல ஆறரைக்கு வக்கீல் காரோட நிக்கறார், கோர்ட் ஆளுங்களும் கூட இருக்காங்க. நான் செய்ய முடிஞ்சது அவ்வளவுதான். போர்வை உன்னோடது."

யார்டில் ஒரு ரயில் எஞ்சின் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு போனது.

பிறகு அவள் எழுந்து பால்கனிக்குப் போனாள். நீலப் போர்வையின் கிளிப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். பதினோரு நாள் வெயிலில் விறைத்திருந்ததை, பழக்க தோஷம், விளிம்பு பிசகாமல் மடித்து வைத்தாள். சிவப்பை உதறி விரித்தபோது இஸ்திரி மடிப்புகள் கட்டம் கட்டமாகத் தெரிந்தன. கொடியில் போட்டாள். நான்கு மூலையிலும் கிளிப்பு மாட்டினாள். மாட்டி முடித்ததும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

"என்னால பார்க்க முடியல. நீங்க பார்த்துச் சொல்லுங்க."

அண்ணி குனிந்தாள். கூண்டுக்குள் அந்த மனிதர் அசையாமல் இருந்தார். பிறகு மெதுவாக எழுந்து, கண்ணாடியோடு நெற்றியை ஒட்டி வைத்துப் பார்த்தார். கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். நம்ப அவருக்குக் கொஞ்ச நேரம் தேவைப்பட்டது.

"என்ன பண்றார்?"

அவர் அட்டையைத் திருப்பினார். பின்பக்கத்திலும் ஏதோ எழுதியிருந்தது. இப்போது எழுதியதல்ல, பெயின்ட் காய்ந்து, வெயிலில் வெளுத்து, ஓரங்கள் உதிர்ந்திருந்தன. மேலே ஏறிய முதல் நாளே எழுதி வைத்திருக்கிறார்.

அண்ணி எழுந்து, அவளுடைய தோளைப் பிடித்து முக்காலியில் உட்கார வைத்தாள். "நீயே படி," என்றாள்.

அவள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, மடங்கிய ரப்பரின் மேல் குனிந்தாள். உதடுகள் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டின.

"'வரேன்'னு போட்டிருக்கு," என்றாள். அதற்குப் பிறகுதான் அவள் அழுதாள்.

அண்ணி போனை எடுத்து, சலவைக் கடையின் எண்ணைத் தேடினாள்.